அயல்நாட்டாருக்கு நமது தேர்தல்

சென்ற சில வருஷங்களாக நமது தேர்தல் கமிஷன் ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறது. பெரிய தேர்தல் நடைபெறும்போது அயல்நாடுகளின் தேர்தல் அதிகாரிகளை அழைத்து, நம் தேசத்தில் ஓட்டு எவ்வாறு பதிவாகிறது, எவ்வாறு எண்ணப்படுகிறது என்று காட்டுவதே அது. கொரோனா நோய் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த காலத்தில் விருந்தாளிகள் நேரில் வர இயலவில்லை. ஆகவே கமிஷன் கம்ப்யூட்டர் திரையின் வழியாகவே அவர்களைக் கூட்டியது. 2021-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தலுக்கு ஓட்டுப் பதிவாவதற்கு முந்தின நாள், இத்தகைய காணொலி மகாநாடு ஒன்று நடந்தது. 26 நாடுகளையும் மூன்று சர்வதேச ஸ்தாபனங்களையும் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் அதில் கலந்துகொண்டார்கள். மறுவருஷம் உத்தரப் பிரதேசம் முதலிய ஐந்து மாநிலங்களின் தேர்தலின்போதும் அவ்வாறே நடந்தது. 2024 லோக்சபைத் தேர்தலுக்கு 23 நாடுகளிலிருந்து 75 பேர் நேரிலேயே வந்து, மே 7-ந் தேதி நடந்த மூன்றாவது கட்ட ஓட்டுப் பதிவை ஆறு மாநிலங்களில் பார்த்துச் சென்றார்கள்.

தேர்தல் நடத்துவதில் நம் தேசத்தார் பெற்றுள்ள அனுபவம் சாமானியமானதல்ல. அதை மற்ற நாட்டார் அறிய விரும்புவதும், நாம் அறிவிப்பதும் முறையே. திரையின் வழியாகச் சொல்வதில் செலவும் குறைவு. விமானச் சீட்டும் வேண்டாம், விடுதியும் வேண்டாம். ஆயினும், அயல்நாட்டாருக்கு விரித்துரைக்கப்படும் விஷயங்களைப் படிக்கும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் திருவரங்குளம் என்றோர் ஊர் உண்டு. ஹரிதீர்த்தேசுவரர் எழுந்தருளியிருக்கும் சோழர் காலத்துப் பழங்கோயிலால் பெயர் பெற்றது; ஒரு பஞ்சாயத்து யூனியனும் அப்பெயரால் வழங்குகிறது. அவ்வூர் ஓட்டர் ஒருவர் இந்த மகாநாட்டின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், "ஆம், எங்கள் ஊரில் நடப்பது இதுதான்" என்று தலையசைப்பாரா? அல்லது, "இவர்கள் எந்த ஊர்க் கதையைச் சொல்கிறார்கள்?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பாரா? அந்நியருக்குச் சொல்லும் எந்த விளக்கத்துக்கும் இந்த ஒரு பரீட்சை போதும் என்பது நம் அபிப்பிராயம்.

கடலுக்கு அப்பால் நம் அரசியலை எடுத்துரைப்பது புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிய தொழிலன்று. திருமயத்தில் பிறந்த வக்கீல் சத்தியமூர்த்தி 1919-ம் வருஷம் காங்கிரஸ் தூதுகோஷ்டியில் ஒருவராக லண்டனுக்குச் சென்றார். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்த மசோதாவைப் பரிசீலித்துக்கொண்டிருந்த பார்லிமெண்டுக் கூட்டுக் கமிட்டியின் முன் நம் தேசத்தின் கட்சியை எடுத்துச் சொல்வதே அவர்கள் சென்ற காரியம். 1925-ல் மீண்டும் ஒருமுறை போய் வந்தார். அப்போது கப்பலில் வாரக்கணக்காகப் பிரயாணம் செய்யவேண்டும். எதிரே உட்கார்ந்து கேட்டவர்களோ நம்முடைய எஜமானர்கள் என்று தங்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். நமக்கு எத்தனை பேருக்கு ஓட்டுக் கொடுக்கலாம் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். இன்று எதிரே இருப்பவர்கள் நம்மைப் போன்ற சுதந்திர தேசத்தார். அவர்களுடைய தயவு நமக்குத் தேவையில்லை. தயவு தேவையில்லாதபோது பூசி மெழுகிப் பேசவேண்டிய அவசியமும் இல்லையல்லவா?

சுதந்திரம் வந்த பிறகு இந்தக் கலையை நமக்குக் கற்பித்தவர் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென். 1951-52ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்ட ஓட்டர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டி, ஓட்டுச் சீட்டைப் பெட்டிக்குள் போடச் செய்தார்கள். உலகமே வியந்தது. 1953-ல் சூடானில் முதல் பார்லிமெண்டுத் தேர்தலை நடத்திக் கொடுக்க சென் அவர்களையே அழைத்துக்கொண்டு போனார்கள். ஆனால் அவர் பெருமையை மட்டும் பேசியவரல்லர். தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய தாய், இன்னாருடைய மனைவி என்று மட்டுமே பதிவு செய்துகொண்ட ஏறக்குறைய 28 லட்சம் பெண்களை ஜாபிதாவிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று என்ற செய்தியை அவர் தமது அறிக்கையிலேயே எழுதிவைத்தார். அதனால் அவருடைய கீர்த்தி குறைந்துபோகவில்லை. குறையை மறைக்காதவர் சொல்லும் நிறையைத்தான் அயலார் நம்புவார்கள் என்பதற்கு சூடானே சாட்சி.

இப்போது நடைபெறும் விளக்கங்களில் எண்களுக்குத்தான் முதல் ஸ்தானம். 2024-ல் ஏறக்குறைய 97 கோடி ஓட்டர்கள். பத்தரை லட்சம் ஓட்டுச்சாவடிகள். 55 லட்சம் யந்திரங்கள். ஒன்றரைக் கோடி ஊழியர்கள். ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்கள். 64 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள். இந்த எண்கள் உண்மையானவை. கேட்பவரை மலைக்கச் செய்பவை. ஆனால் மலைப்பு வேறு, விளக்கம் வேறு. திருவிழாக் கூட்டத்தின் அளவைச் சொல்லிவிட்டால் உற்சவமூர்த்தியைத் தரிசனம் செய்வித்ததாகுமா? நமீபியாவிலிருந்தோ பூட்டானிலிருந்தோ வரும் ஓர் அதிகாரிக்கு நமது கோடிகளால் என்ன பிரயோஜனம்? அவர் நாட்டு ஜனத்தொகை முழுவதும் நம்முடைய ஒன்றிரண்டு ஜில்லாக்களுக்குள் அடங்கிவிடும். இரண்டு நாடுகளும் நமது ஓட்டு யந்திரத்தை வாங்கி உபயோகித்தவை. அவர்கள் அறிய விரும்புவது ஒரு சாவடியில் ஒரு நாள் என்ன நடக்கிறது, ஒருவர்மேல் ஒருவர் சந்தேகம் கொண்ட கட்சிக்காரர்களை ஒரே பெஞ்சியில் உட்கார வைத்து எவ்வாறு சம்மதிக்கச் செய்கிறோம் என்பதைத்தான்.

இன்னொரு பழக்கமும் நம்மவர்களிடம் வளர்ந்துவருகிறது. அந்நியர் முன் வாய் திறந்தால் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துவிடுகிறார்கள். பராந்தக சோழன் காலத்துக் குடவோலையைப் பற்றி நமக்கு மட்டும் பெருமை இல்லையா? உண்டு. ஆனால் குடவோலை என்பது ஓட்டல்ல, சீட்டுக் குலுக்கல். பிராமண சபை ஒன்றின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறை அது. கால் வேலி நிலமும், சொந்த மனையும், வேத சாஸ்திரப் பயிற்சியும், முப்பத்தைந்து முதல் எழுபதுக்குள் வயதும் உள்ளவருக்கே பெயரெழுதும் யோக்கியதை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அதே கல்வெட்டில், கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மறுபடி நிற்கலாகாது என்ற விதியும் இருக்கிறது. அயல்நாட்டார் அறிந்து ஆச்சரியப்படவேண்டிய பகுதி அதுதான். நம் கட்சிக்காரர்கள் அறியவேண்டிய பகுதியும் அதுவே என்பதால்தானோ என்னவோ அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை!

இதில் அமெரிக்கர் நமக்கு மூத்தவர்கள். தங்கள் ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் அவர்களுடைய தூதராலயங்கள் உள்ளூர் மாணவர்களையும் பத்திரிகைக்காரர்களையும் கூட்டி, திரையின் வழியாக அமெரிக்கப் பேராசிரியர்களைப் பேச வைப்பது வெகு நாளைய வழக்கம். கேட்பவர் முதலில் எழுப்பும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 2016-ல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றது எப்படி? பேசுபவர் தேர்வாளர் சபையின் கோணலைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதை மறைத்துவிட்டு அந்தத் தேர்தலை விளக்கவே முடியாது. நமக்கும் அத்தகைய கோணல் உண்டு. 2014-ல் தி.மு.க. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 23-க்கு மேல் ஓட்டுப் பெற்றும் லோக்சபையில் ஒரு ஸ்தானம்கூடப் பெறவில்லை. ஜெர்மானியர் ஒருவர் இதைக் கேட்டால் திகைத்துப்போவார். அவருக்கு விடை சொல்லப் பழகிக்கொள்ளும் முயற்சியில் நமக்கே சில விஷயங்கள் தெளியும்.

சரி, எதைத்தான் காட்டுவது? நம் யோசனை எளியது. டில்லி மண்டபத்திலிருந்து பேசுவதைச் சற்று நிறுத்திவிட்டு, திருவரங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடச் சாவடியைக் காலை முதல் இரவு வரையில் காட்டட்டும். ஏழு மணிக்கு ஓட்டுப் பதிவென்றால், ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே, கட்சி ஏஜெண்டுகள் கண்முன் பரீட்சை ஓட்டுப் போடவேண்டும். ஐம்பது ஓட்டுக்குக் குறையக்கூடாது. யந்திரம் காட்டும் கணக்கும் காகிதச் சீட்டின் கணக்கும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, எல்லாவற்றையும் அழித்து, பச்சைக் காகித முத்திரையில் ஏஜெண்டுகள் கையெழுத்திட்ட பிறகே உண்மையான பதிவு தொடங்கும். ஓட்டர் வருவார். முதல் அதிகாரி பெயரை உரக்கப் படிப்பார். "இவர் அவரல்ல" என்று சொல்ல எந்த ஏஜெண்டுக்கும் அப்போது உரிமை உண்டு. இடது ஆள்காட்டி விரலில் மை. ரிஜிஸ்தரில் கையெழுத்து அல்லது கைநாட்டு. பொத்தானை அழுத்தினால் ஏழு விநாடி நேரம் கண்ணாடிக்குள் காகிதச் சீட்டு தெரியும். பின்பு அது அறுந்து பெட்டிக்குள் விழும். நேரம் முடிந்ததும் வரிசையில் நிற்பவர்களுக்கு வால் முனையிலிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவார்கள், புதிதாக எவரும் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளாதபடி. நம் ஊர்ப் பந்தி அனுபவத்திலிருந்து பிறந்த யுக்தி போலும் இது!

இவற்றில் எந்த யந்திரத்தையும் விட நமக்கு விசேஷமாகத் தோன்றுவது அந்த ஏஜெண்டு பெஞ்சிதான். ஒரே தெருக்காரர்கள், பகைமை கொண்ட கட்சிகள். சாவடிக்குள் நுழையும் ஒவ்வொருவருடைய முகமும் தகப்பன் பெயரும் அவர்களுக்குத் தெரியும். செத்தவர் பெயரில் ஓட்டுப் போட யாராவது வந்தால், இழவு வீட்டில் தாம் உட்கார்ந்திருந்த நாளையே சொல்லிவிடுவார்கள். அயல்நாட்டு நிபுணர்கள் பெரும் பணம் செலவு செய்து நிறுவ முயலும் மேற்பார்வையை, ஒரு பொட்டலம் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நம் கட்சித் தொண்டர்கள் செய்துவருகிறார்கள். இதைக் காட்டும் திரை எதையும் நாம் கண்டதில்லை.

இனிக் கேள்விகளுக்கு வருவோம். கேள்விக்கு இடமில்லாத கூட்டம் பிரசங்கமாகுமே தவிர மகாநாடு ஆகாது. ஐரோப்பியர் எவரும் முதலில் யந்திரத்தைப் பற்றியே கேட்பார்கள். 2009 மார்ச் 3-ந் தேதி ஜெர்மனியின் அரசியல் சட்டக் கோர்ட்டு, தொழில்நுட்ப ஞானம் இல்லாத சாதாரணப் பிரஜையும் ஓட்டு எண்ணிக்கையைச் சரிபார்க்க இயலவேண்டும் என்று தீர்ப்பளித்து, அந்நாட்டில் அதுவரை உபயோகித்த யந்திரங்களைச் செல்லாதவையாக்கியது. நம் சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் காகிதச் சீட்டு அத்தியாவசியம் என்றது. 2019-ல் ஒவ்வொரு சட்டசபைத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து யந்திரங்களின் சீட்டுகளை எண்ணச் சொன்னது. 2024 ஏப்ரல் 26-ல், எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்ற மனுவைத் தள்ளியது. ஆனால் சின்னங்களை யந்திரத்தில் ஏற்றும் கருவியை முத்திரையிட்டு 45 நாள் காக்கவேண்டும் என்றும், இரண்டாம் மூன்றாம் ஸ்தானத்தில் தோற்றவர்கள் கேட்டால் நூற்றுக்கு ஐந்து யந்திரங்களைச் சோதிக்கலாம் என்றும் உத்தரவிட்டது. இந்த வரலாறு முழுவதையும் சொல்வதில் நமக்கு என்ன வெட்கம்? சந்தேகப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறந்துவிட்டது. யந்திரம் குற்றமற்றது என்று நூறு தரம் சொல்வதைவிட இது அதிகம் நம்பத்தக்கது.

அடுத்த கேள்வி எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பது. கேட்க எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! 2024 ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாட்டில் ஓட்டுப் பதிவு நடந்தது. அன்று இரவு நூற்றுக்கு 72.09 என்றார்கள். மறுநாள் 69.46 ஆயிற்று, பிறகு 69.72 என்று நின்றது. தேசம் முழுவதிலும் முதல் இரண்டு கட்டங்களுக்கான சதவீதம் ஏப்ரல் 30-ல்தான் வெளிவந்தது. எத்தனை ஓட்டு என்ற எண்ணிக்கை ஐந்து கட்டங்களும் முடிந்த பிறகு மே 25-ல் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் சுப்ரீம் கோர்ட்டு, சாவடிவாரிக் கணக்கை உடனே வெளியிடவேண்டும் என்ற மனுவில் இடைக்கால உத்தரவு பிறப்பிக்க மறுத்திருந்தது. சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்கு 17-சி என்ற பாரத்தில் எழுதப்பட்டு, ஏஜெண்டுகளுக்கு அன்று மாலையே பிரதி கொடுக்கப்படுகிறது. ஆகையால் கணக்கு இரகசியமல்ல. திருவரங்குளத்து ஏஜெண்டு சட்டைப்பையில் வைத்திருக்கும் காகிதத்தைத் தேசம் முழுவதற்கும் கூட்டிச் சொல்ல ஏன் ஒரு மாதம் என்பதே ஜனங்கள் கேட்டது. அயல்நாட்டார் 75 பேர் விருந்தாளிகளாக வந்ததும் இந்த இடைக்காலத்தில்தான். அவர்களில் எவரேனும் அக்கேள்வியைக் கேட்டிருந்தால் அது நம் பகைவர் தூண்டிய கேள்வியாகியிருக்காது; நம் ஊர்க்காரர் கேட்ட அதே கேள்விதான்.

காமிரா விஷயம் இதைவிட விசித்திரமானது. 2024-ல் பாதிச் சாவடிகளிலாவது காமிரா வைத்து அதிகாரிகள் நேரடியாகப் பார்க்க ஏற்பாடு இருந்தது. 2025-ல் எல்லாச் சாவடிகளிலும் வைப்பதென்று கமிஷன் தீர்மானித்தது. நல்ல காரியம். ஆனால் சாவடி ஒன்றின் படப் பதிவைக் கேட்ட வக்கீலுக்குக் கொடுக்கும்படி ஹைகோர்ட்டு உத்தரவிட்ட சில நாட்களுக்குள், 2024 டிசம்பர் 20-ந் தேதி, தேர்தல் நடத்தும் விதிகளில் 93-வது விதி திருத்தப்பட்டது. படப் பதிவுகள் பொதுஜனங்கள் பார்வையிடக்கூடிய பத்திரங்களின் வரிசையிலிருந்து விலக்கப்பட்டன. 2025 மே மாதத்தில், வழக்கு எதுவும் தொடுக்கப்படாவிட்டால் 45 நாட்களுக்குப் பின் அப்பதிவுகளை அழித்துவிடலாம் என்றும் கமிஷன் எழுதியது. ஓட்டரின் அந்தரங்கம் கெடும், படங்களைத் திரித்துப் பொய்ப் பிரசாரம் செய்வார்கள் என்பது கமிஷன் தரப்பு. அதில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். இன்னார் ஓட்டுப் போட வரவில்லை என்று கண்டுபிடித்து மிரட்டுகிறவர்கள் கிராமங்களில் உண்டு. ஆனால் ஒரு வக்கீலின் கண்ணோடு பார்த்தால் இதில் கோளாறு தெரிகிறது. தேர்தல் வழக்குத் தொடுக்க 45 நாள் அவகாசம். வழக்குத் தொடுக்க ஆதாரம் வேண்டும். ஆதாரத்தைப் பார்க்க வழக்குத் தொடுத்திருக்கவேண்டும்! காமிராவின் பெருமையை அயல்நாட்டாருக்குச் சொல்லலாம். கூடவே அதன் படத்தை நம் ஓட்டர் பார்க்க முடியாது என்பதையும் சொன்னால்தான் அது முழு விளக்கமாகும்.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. வாசகர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-ல் சென்னை ராதாகிருஷ்ணன் நகர். 2019-ல் வேலூர் லோக்சபைத் தொகுதி. இந்நான்கு தேர்தல்களையும் பணப் பட்டுவாடா காரணமாகக் கமிஷன் ரத்து செய்து பிறகு நடத்தியது. நான்கும் தமிழ்நாட்டிலே. லோக்சபைத் தொகுதி ஒன்றின் தேர்தல் பணத்துக்காக ரத்தானது வேலூரில்தான் முதல் தடவை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ரத்து செய்தது கமிஷனுக்குக் கீர்த்தி. ரத்து செய்ய வைத்தது நமக்கு அபகீர்த்தி. அதே தொகுதிகளில் மறுபடி நடந்த தேர்தலில் கைகள் சுத்தமாயிருந்தனவா என்று விருந்தாளி கேட்டால் என்ன சொல்வது என்பதைக் கட்சிக்காரர்கள் இப்போதே யோசித்து வைக்கலாம்.

திருவரங்குளத்தாரிடமே விளக்கும் பொறுப்பை ஒப்படைத்தால் இவற்றையெல்லாம்விட முன்னதாக அவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். சமஸ்தானமாயிருந்த புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்திய யூனியனுடன் சேர்ந்தது. முதல் பொதுத் தேர்தலிலேயே அதற்கென்று ஒரு லோக்சபைத் தொகுதி இருந்தது. வல்லத்தரசு என்ற வக்கீல் அதன் முதல் பிரதிநிதி. 2004 தேர்தல் வரை அத்தொகுதி நீடித்தது. 2008-ல் தொகுதிகளைத் திருத்தி அமைத்தபோது அது மறைந்தது. தமிழ்நாட்டில் ஆறு சட்டசபைத் தொகுதிகள் சேர்ந்தால் ஒரு லோக்சபைத் தொகுதி. புதுக்கோட்டை ஜில்லாவில் இருப்பதோ சரியாக ஆறு. அந்த ஆறும் நான்கு துண்டாயின. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. நான்கு பெரிய வீடுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்த குழந்தைகளைப்போல் ஆயிற்று இந்த ஜில்லாவின் கதி. ஆலங்குடித் தொகுதியைச் சேர்ந்த திருவரங்குளத்தார் தங்கள் லோக்சபைப் பிரதிநிதியைப் பற்றிப் பேசும்போது சிவகங்கையைப் பார்க்கவேண்டியிருக்கிறது. 2009 தேர்தலில் 49-ஓ விதியின்படி எவருக்கும் ஓட்டில்லை என்று எழுதிக் கொடுத்து இதை எதிர்த்தவர்களும் இந்தச் சீமையில் உண்டு. யந்திரம் சரி, மை சரி, முத்திரை சரி. தொகுதி எங்கே என்று அவர்கள் கேட்டார்கள்.

இது ஒரு ஜில்லாவின் மனத்தாங்கல் என்று டில்லியில் ஒதுக்கிவிடலாம். ஆனால் அயல்நாட்டு மாணவன் ஒருவனுக்கு நம் ராஜீய அமைப்பை விளக்க இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. தொகுதி எல்லையை வகுப்பது யார்? அவர்கள் உத்தரவை எதிர்த்து அப்பீல் உண்டா? ஸ்தானங்களின் மொத்த எண்ணிக்கையை 1976 முதல் ஏன் நிறுத்திவைத்திருக்கிறோம்? ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய தென்னாட்டுக்கு, அந்தத் தடை நீங்கினால் பங்கு குறையுமா? 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் ஜனக்கணக்கு வரையில்தான் அந்த ஏற்பாடு செல்லும் என்று அரசியல் சட்டத்தின் 84-வது திருத்தம் விதித்திருக்கிறது. தமிழ்நாடு முழுவதற்கும் வந்திருக்கும் கவலையைப் புதுக்கோட்டையார் பல வருஷங்களுக்கு முன்பே சிறிய அளவில் அனுபவித்து அறிந்தவர்கள்.

அந்நியர் என்று நாம் எழுதிக்கொண்டே போகிறோம். அந்நிய மண்ணில் இருப்பவர்களில் நம்மவர்களும் உண்டல்லவா? புதுக்கோட்டைச் சீமையார் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டு எண்ணும் நாளன்று கைபேசித் திரையில் ஊர்க்காரரை அழைத்து ஒவ்வொரு சுற்றையும் கேட்டு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் வங்காளிக்கும் நேபாளிக்கும் நம் தேர்தலை விளக்கும் தூதர்கள் இவர்கள்தாம். சம்பளமில்லாத காணொலி மகாநாடு இது. இவர்களுக்கு 2010-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் ஓட்டுரிமை உண்டு; ஆனால் நேரில் வந்துதான் போடவேண்டும். 2024-ல் வெளிநாட்டு ஓட்டர்களாகப் பதிந்துகொண்டவர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர்; அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்தார். கூலி வேலைக்குப் போனவன் விமானச் சீட்டு வாங்கி வந்து விரலில் மை வைத்துக்கொள்வானா? 26 நாட்டு அதிகாரிகளைத் திரைமுன் கூட்டத் தெரிந்த கமிஷன், முதலில் இவர்களைக் கூட்டி, தூதராலயத்திலோ தபாலிலோ ஓட்டளிக்க என்ன தடை என்று தமிழிலேயே ஒரு மணி நேரம் விளக்கினால் அதுவும் அயல்நாட்டில் செய்த விளக்கமாகவே கணக்கில் சேரும்.

வீட்டுக் குறையை வெளியாரிடம் சொல்லலாமா என்று நம் நண்பர்கள் சிலர் ஆட்சேபிப்பார்கள். 2021 மார்ச்சில் சுவீடன் நாட்டு வி-டெம் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் இந்தியாவைத் தேர்தல் உள்ள எதேச்சாதிகாரம் என்ற வகுப்பில் சேர்த்தது. நம் சர்க்கார் அதைக் கண்டித்தது. எங்கோ இருந்துகொண்டு மார்க்குப் போடுகிறவர்களிடம் நமக்கும் அதிக மதிப்பில்லை. கோடிக்கணக்கானவர்கள் ஆட்சிகளை மாற்றிக்கொண்டேயிருக்கும் தேசத்தை ஒரு சொல்லில் அடைத்துவிட முடியாது. ஆனால் அதற்குப் பதில் விளம்பரமல்ல. "எங்கள் சாவடிக்கு வந்து பார், 17-சி பாரத்தைப் படி, ஏஜெண்டைக் கேள், தொகுதி இழந்தவனையும் கேள்" என்று சொல்லக்கூடிய தேசத்துக்கு எந்த மார்க்கைக் கண்டும் பயமில்லை. சத்தியமூர்த்தி லண்டனில் பேசியபோது அவர் பேச்சை மறுக்க ஆங்கிலேயர் ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். அங்கேயே வாய் திறக்க அஞ்சாதவர் பிறந்த சீமை இது.

ஆகவே அடுத்த லோக்சபைத் தேர்தலின்போது நடைபெறும் காணொலி மகாநாட்டில் கமிஷன் மூன்று காரியங்கள் செய்யவேண்டும். அதன் உரைகளையும் கேள்வி பதில்களையும் அன்றே தமிழிலும் மற்றத் தேச பாஷைகளிலும் வெளியிடவேண்டும். அதிகாரிகளோடு கட்சி ஏஜெண்டுகளையும், தோற்ற அபேட்சகர் ஒருவரையும் பேச அழைக்கவேண்டும். ஒரு கிராமச் சாவடியை, ஓட்டரின் அந்தரங்கத்துக்குப் பங்கம் வராதபடி ஓட்டுப் போடும் மறைவிடத்தை விலக்கிவிட்டு, பரீட்சை ஓட்டு முதல் முத்திரையிடுவது வரையில் நேரடியாகக் காட்டவேண்டும். அதே காட்சியை அந்தத் தொகுதி ஓட்டர்களும் பார்க்க வசதி இருக்கவேண்டும். திருவரங்குளத்தில் காலை ஐந்தரை மணிக்குப் பரீட்சை ஓட்டுத் தொடங்கும்போது சியோல் நகரில் ஒன்பது மணி, அவர்களுக்குச் சிரமமில்லை. நமீபியாவில் பின்னிரவு இரண்டு, லண்டனில் ஒன்று; வாஷிங்டனில் முந்தின நாள் இரவு எட்டு மணிதான் ஆகியிருக்கும்.